ஒரே சுரத்தில் முழங்கும் சப்வூஃபர்: இடம் தப்பா, செட்டிங் தப்பா, சப்பே சரியில்லையா?

ஞாயிறுகாட்சி

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கு ஒரு சப்வூஃபர்) ஒன்று போட்டிருக்கிறேன். முன்னால் இரண்டு புக்‌ஷெல்ஃப், டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் வசனத்துக்கான சென்டர், பின்சுவர் மூலைகளில் இரண்டு சரவுண்ட், 10 இஞ்ச் சப் ஒன்று. ரிசீவரோடு (ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வந்த மைக்கை வைத்து, அதுவே அளந்து செட் செய்கிற ஆட்டோ கலிபரேஷனும் ஓட்டியாயிற்று.

பாட்டு போட்டால் பேஸ் கிடார் எங்கே போனாலும் ஒரே ஒரு சுரம் மட்டும் 'பூம்' என்று எழும்பி மற்றதையெல்லாம் மூடிவிடுகிறது. படத்தில் குண்டு வெடித்தால் அந்தப் பூம்கூடக் கிடையாது. 'டப்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. வயிற்றில் இறங்கவே மாட்டேன் என்கிறது. வசனமும் பாதிதான் புரிகிறது.

இன்னொரு விசித்திரம். நான் உட்காருவது சோபாவின் நடுவில். மனைவி ஓரத்தில். அவள் "பேஸைக் குறை, காது அடைக்கிறது" என்கிறாள், எனக்கோ பேஸே போதவில்லை. ஒரே சோபாவில்! சப்பை மாற்றிவிடலாமா?

பெரியகூம்பு

10 இஞ்சில் என்ன சார் வரும்? குறைந்தது 12, முடிந்தால் 15. வாங்கி வையுங்கள், வேலை முடிந்தது.

அலைநீளம்

வாங்குவதற்கு முன் சில விவரம் சொல்லுங்கள். அறையின் நீளம், அகலம், உயரம். முன்சுவரிலிருந்து சோபா எவ்வளவு தூரம். சப் எங்கே இருக்கிறது, அதன் முதுகில் இருக்கும் திருகுகள் எங்கே நிற்கின்றன. ரிசீவர் மெனுவில் என்ன எழுதியிருக்கிறது.

நடுவில் பேஸ் இல்லை, ஓரத்தில் இருக்கிறது என்று படித்ததுமே சப் மேல் எனக்கிருந்த சந்தேகம் போய்விட்டது.

ஞாயிறுகாட்சி

நீளம் 5 மீட்டர், அகலம் 3.6, உயரம் 3. டிவி அகலச் சுவரில். சோபா அறைக்கு நடுவில், டிவி சுவரிலிருந்து 2.5 மீட்டர். சோபாவுக்குப் பின்னால் பாதி அறை சும்மாதான் கிடக்கிறது. சப் முன்பக்க இடது மூலையில், சுவரோடு சுவராக.

சப்பின் பின்னால் கிராஸ்ஓவர் திருகு (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் வாசிக்க வேண்டும் என்பது) 60-இல், வால்யூம் முக்கால்வாசி, ஃபேஸ் (கூம்பு தள்ளுகிற, இழுக்கிற வேளை) 0. ரிசீவரில் முன் ஸ்பீக்கர்கள் 'லார்ஜ்', சென்டரும் சரவுண்டும் 'ஸ்மால்' 80 ஹெர்ட்ஸ். சப் லெவல் மைனஸ் 12. சப் தூரம் 5.8 மீட்டர் என்று காட்டியது. டேப் வைத்து அளந்தால் 3 மீட்டர்தான் வருகிறது, அதனால் அதை 3 என்று திருத்தி வைத்தேன்.

மெனுப்பூச்சி

அந்தக் கடைசிப் பத்தியில் எனக்கு ஒரு மாதத்துக்கு வேலை இருக்கிறது :) முதலில் அலைநீளம் அண்ணன் அறையைப் பற்றிச் சொல்லட்டும், மெனுவுக்கு அப்புறம் வருகிறேன்.

அலைநீளம்

சரி, கணக்கு போடுவோம். ரொம்பச் சின்னக் கணக்குதான்.

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவில் அரை அலைநீளம் கச்சிதமாகப் பொருந்துகிற அதிர்வெண் ஒன்று ஒவ்வொரு அறைக்கும் உண்டு. அந்த இடத்தில் சப்போடு அறையும் சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். 343-ஐ நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்த எண் வந்துவிடும். உங்கள் 5 மீட்டருக்கு 34 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாவது படி 68. அகலம் 3.6-க்கு 47, 48 பக்கம். உயரம் 3-க்கு 57.

இப்போது சோபாவைப் பாருங்கள். 34 ஹெர்ட்ஸ் அலைக்கு முன்சுவரிலும் பின்சுவரிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். நட்ட நடுவில் ஏறக்குறைய பூஜ்ஜியம். அந்தப் பூஜ்ஜியத்தில்தான் உங்கள் காது இருக்கிறது. படத்தில் குண்டுவெடிப்பு, இடி, பூகம்பம் எல்லாம் கனம் பெறுவது 25 முதல் 40 வரைக்குள். சப் அதைக் கொடுக்கிறது, உங்கள் இடத்தில் வந்து சேரவில்லை. எழுந்து பின்சுவர் ஓரமாகப் போய் நின்று அதே காட்சியைக் கேட்டுப் பாருங்கள், திடுக்கிடுவீர்கள்.

68-க்கு நிலைமை நேர் எதிர். அதன் உச்சம் மூன்று இடத்தில் வரும்: இரண்டு சுவரிலும், அப்புறம் சரியாக நடுவிலும். பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். அதிலிருந்து மேலே ஏறும்போது 68-ஐத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு முறை தாண்டும்போதும் அறை அந்தச் சுரத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. அதுதான் உங்கள் ஒற்றைச் சுரப் பூம்.

அகலவாக்கிலும் நீங்கள் நடுவில். அதனால் 47 உங்களுக்குக் கிடையாது. ஓரத்தில் உட்காருபவருக்கு அது தாராளமாகக் கிடைக்கும். வீட்டில் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். சண்டையை முடித்துக்கொள்ளலாம்.

15 இஞ்ச் வாங்கினால் என்ன ஆகும்? 34-இல் இருக்கிற பள்ளம் பள்ளமாகவே இருக்கும், 68 இன்னும் உரக்கக் கத்தும். ஈக்வலைசர் (ஒரு அதிர்வெண்ணை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்கிற வசதி) வைத்து 68-ஐ வெட்டலாம், அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பள்ளத்தை ஈக்வலைசரால் தூர்க்க முடியாது. நீங்கள் 10 டெசிபல் கூட்டிக் கொடுத்தால் ஆம்ப் பத்து மடங்கு பவர் தள்ள வேண்டும். தள்ளின ஒலியும் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் தன்னைத் தானே அடித்துக்கொள்ளும்.

என் யோசனை: பின்னால்தான் இடம் சும்மா கிடக்கிறதே, சோபாவை 80 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். முன்சுவரிலிருந்து 3.3 மீட்டர், அதாவது நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அங்கே 34-ம் 68-ம் உச்சத்தைவிட 6 டெசிபல் குறைவாக, இரண்டும் ஒரே அளவில் வரும். பள்ளமும் இல்லை, மேடும் இல்லை. ஒரேயடியாகப் பின்சுவரோடு ஒட்டிவிடாதீர்கள். அங்கே எல்லா அலைக்கும் உச்சம், பேஸ் வெள்ளமாக வரும், தெளிவு போய்விடும்.

பெரியகூம்பு

மூலையில் வைத்தால் பேஸ் இலவசமாகக் கூடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதை ஏன் எடுக்கச் சொல்கிறீர்கள்?

அலைநீளம்

எடுக்கச் சொல்லி நான் இன்னும் சொல்லவே இல்லை, நீங்களே வந்துவிட்டீர்கள் :) ஆமாம், மூலையில் கூடும். எல்லா அறை அலைகளுக்கும் மூலை உச்சம், அதனால் மூலையில் இருக்கிற சப் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். வேண்டியதையும், வேண்டாததையும். பெரிய அறை, சின்ன சப் என்றால் மூலையைவிட நல்ல இடம் இல்லை, பிறகு ஈக்வலைசரால் மேடுகளை வெட்டிக்கொள்ளலாம். இவருடைய அறை சின்னது, புகார் 68-இல்.

68-இன் பள்ளம் நீளத்தில் கால் பங்கிலும் முக்கால் பங்கிலும் வரும். சப்பைப் பக்கச்சுவர் ஓரமாக, முன்சுவரிலிருந்து 1.25 மீட்டரில் வைத்தால் அந்த இடத்திலிருந்து 68-ஐக் கிளப்பவே முடியாது. 34 அங்கிருந்தும் நன்றாகவே கிளம்பும்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. கதவு, ஜன்னல், லேசான சுவர், திறந்த வழி எல்லாம் சேர்ந்தால் எண்கள் கொஞ்சம் நகரும். அதனால் கடைசித் தீர்ப்பைக் காதுக்கு விடுங்கள். தவழ்ந்து பார்க்கிற வித்தை தெரியும்தானே?

ஞாயிறுகாட்சி

தெரியாது. தவழ்வதா?

அலைநீளம்

சப்பைத் தூக்கி நீங்கள் உட்காரும் இடத்தில், சோபா மேலேயே வையுங்கள். முடியாவிட்டால் சோபாவை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தாலும் சரி. பேஸ் கிடார் மேலும் கீழும் நடக்கிற பாட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். 'டம் டம்' என்று ஒரே அடி அடிக்கிற பாட்டு உதவாது. வேறுவேறு சுரம் வர வேண்டும். பிறகு சப் வைக்க வசதியுள்ள இடங்களில் எல்லாம் தரையோடு தலையைத் தாழ்த்திப் போய்க் கேளுங்கள். காது சப்பின் உயரத்தில் இருக்க வேண்டும், நின்றுகொண்டு கேட்டால் பலன் இல்லை.

சத்தம் அதிகமாக இருக்கிற இடத்தைத் தேடாதீர்கள். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் ஒரே உயரத்தில் நிற்கிறதோ அதுதான் சப்பின் இடம். ஒலி கிளம்பும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டாலும் விளைவு அதேதான் என்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது.

மெனுப்பூச்சி

இப்போது என் முறை.

முதலில் சப் முதுகில் இருக்கிற கிராஸ்ஓவர் திருகு. சென்டருக்கும் சரவுண்டுக்கும் ரிசீவரே 80-இல் பிரித்து அனுப்புகிறது. அதன் மேல் சப்பும் 60-இல் இன்னொரு முறை வெட்டுகிறது. 60-க்கும் 80-க்கும் நடுவில் இருப்பதை அந்த ஸ்பீக்கர்களும் சரியாக வாசிக்காது, சப்பும் வாசிக்காது. எல்எஃப்இ என்கிற அந்தத் தனி பேஸ் தடத்தில் 120 ஹெர்ட்ஸ் வரை சரக்கு இருக்கும், அதுவும் 60-க்கு மேல் காலி. திருகைக் கடைசிவரை திருப்பிவிடுங்கள். 'எல்எஃப்இ' அல்லது 'பைபாஸ்' என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், திருகை மறந்துவிடலாம். ரிசீவரில் எல்எஃப்இக்கான லோ பாஸ், அதாவது மேல் வரம்பு, என்று தனியாக ஒன்று இருக்கும், அது 120-இல் இருக்கட்டும். பலர் அதைக் கிராஸ்ஓவர் என்று நினைத்து 80-க்கு இறக்கிவிடுகிறார்கள்.

அடுத்தது தூரம். ரிசீவர் 5.8 என்று சொன்னது பிழை இல்லை. அது டேப் அளவைச் சொல்லவில்லை, மைக்குக்கு ஒலி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை மீட்டராக மாற்றிச் சொல்கிறது. சப்புக்குள் இருக்கிற ஃபில்டரும் டிஜிட்டல் சர்க்யூட்டும் சில மில்லி நொடி தாமதம் சேர்க்கும். ஒரு மீட்டர் என்பது ஏறக்குறைய 3 மில்லி நொடி. உங்களுக்கு 2.8 மீட்டர் கூடுதல் என்றால் 8 மில்லி நொடித் தாமதம், இது சாதாரணம். ரிசீவர் மற்ற ஸ்பீக்கர்களை அந்த அளவு காக்க வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. நீங்கள் 3 என்று எழுதினால் சப் எப்போதும் ஒரு எட்டு பின்தங்கியே வரும். சப்புக்கு மட்டும் ரிசீவர் சொன்னதை நம்புங்கள்.

சப் லெவல் மைனஸ் 12. நிறைய ரிசீவர்களில் அதுதான் அடிமட்டம். அதற்குக் கீழே போக வழியில்லாமல் நின்றிருக்கலாம், உண்மையில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது அதற்கே தெரியாது. சப்பின் வால்யூமைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டு மறுபடி கலிபரேஷன் ஓட்டுங்கள், மைனஸ் 3 முதல் மைனஸ் 8 பக்கம் வந்து நின்றால் நல்லது.

மைக்கைக் கையில் பிடித்துக்கொள்ளாதீர்கள், சோபா சாய்வு மேலும் வைக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில் பொருத்தி, காது உயரத்தில். மின்விசிறி, ஏசி எல்லாம் நிறுத்தி.

கடைசியாக, முன் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' ஆக்கி 80 கொடுங்கள்.

கோபுரம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது ஆளுயர டவர். 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அதைப் போய் 'ஸ்மால்' என்று எழுதவா? அப்படியானால் டவர் எதற்கு வாங்கினேன்?

மெனுப்பூச்சி

'ஸ்மால்' என்றால் பெட்டி சின்னது என்று பொருள் இல்லை அண்ணே. அடி பேஸை சப்புக்கு அனுப்பு என்று ரிசீவருக்குச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். 80 என்ற எண் திரையரங்க ஒலிக்குத் தரச்சான்று தருகிற டிஎச்எக்ஸின் வழக்கத்திலிருந்து வந்தது. அதற்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடுவது கடினம், அதனால் சப்பை எங்கே வைத்தாலும் தனியாகத் தெரியாது. சின்ன சாட்டிலைட் ஸ்பீக்கர்காரர்கள் 120, 150 என்று ஏற்ற வேண்டிவரும். அப்போது சப்பின் இடம் தெரிந்துவிடும், அவர்கள் அதை முன்பக்கமே வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் டவர் 35 வரை இறங்கலாம், மறுக்கவில்லை. ஆனால் டவரை எங்கே வைத்தீர்கள்? பாடகர் நடுவில் நிற்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று பார்த்து வைத்தீர்கள். பேஸுக்கு நல்ல இடம் வேறு எங்கோ இருக்கும், அங்கே டவரை நகர்த்த முடியாது, சப்பை நகர்த்தலாம். தவிர 40 ஹெர்ட்ஸ் சுமை இல்லாவிட்டால் ரிசீவரின் ஆம்ப் பெருமூச்சு விடும்.

கோபுரம்

படத்துக்கு ஒத்துக்கொள்கிறேன். ஸ்டீரியோ பாட்டுக்கு சப்பை அணைத்துவிட்டு டவரை மட்டும் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கிறது. அதை யார் சொன்னாலும் மாற்றமாட்டேன்.

மெனுப்பூச்சி

மாற்ற வேண்டாம். நிறைய ரிசீவர்களில் 'டைரக்ட்' பொத்தான் அதற்குத்தான் இருக்கிறது.

ஒன்று மட்டும். கலிபரேஷன் உங்கள் ஸ்பீக்கருக்கு 60 என்று சொன்னால் அதை 80-க்கு ஏற்றலாம், 40-க்கு இறக்காதீர்கள். ஸ்பீக்கர் எங்கே சோர்ந்துபோகிறது என்று அளந்துதான் அது 60 சொல்கிறது. அதற்குக் கீழே பல ரிசீவர்கள் திருத்தமும் செய்வதில்லை.

உர்ர்ர்

இந்த இழையிலேயே கேட்டுவிடுகிறேன், தனி இழை வேண்டாம். என் சப் சும்மா இருக்கும்போதும் 'உர்ர்ர்' என்று ஒரு இரைச்சல். கேபிள் மாற்றியும் போகவில்லை. எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார்.

செப்புக்கம்பி

எர்த் பின்னைக் கழற்றாதீர்கள். கண்டிப்பாகக் கழற்றாதீர்கள். இரைச்சல் போகும், உள்ளே ஏதாவது பழுதாகிப் பெட்டியில் மின்சாரம் ஏறினால் தொட்டவர் கதி?

அது எர்த் லூப். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. சப்பும் ரிசீவரும் வேறுவேறு பிளக்கில், வேறுவேறு எர்த் வழியில் இருந்தால் அந்த முனகல் சிக்னல் கேபிள் வழியாக உள்ளே வந்துவிடும். முதலில் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டுப் பாருங்கள். போகவில்லையா, ரிசீவருக்கு வருகிற கேபிள் டிவி அல்லது டிஷ் வயரைப் பிடுங்கிப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றவாளி அதுதான், அந்த வயரின் எர்த்தில்தான் தகராறு. சப் சிக்னல் கேபிளில் மாட்டுகிற சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது, அதுவும் உதவும்.

சிக்னல் கேபிளை சப்பிலிருந்து பிடுங்கிய பிறகும் முனகினால் லூப் இல்லை, சப்பின் ஆம்ப்தான்.

உர்ர்ர்

டிஷ் வயர்தான்! பிடுங்கினதும் கப்சிப். நன்றி.

ஞாயிறுகாட்சி

திரும்பி வந்துவிட்டேன். தவழ்ந்தேன். குழந்தைகள் முதுகில் ஏறி உட்கார்ந்ததைத் தவிர வேறு சேதமில்லை.

இடது பக்கச்சுவர் ஓரம், முன்சுவரிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அங்கேதான் கிடார் ஒழுங்காக நடந்தது. பழைய மூலையில் கேட்டபோது அந்த ஒரு சுரம் வந்ததும் தரையே விம்முகிற மாதிரி இருந்தது, ஒரு கை தள்ளி வந்ததும் அடங்கிவிட்டது. சோபாவையும் தள்ளிவிட்டேன். மெனுப்பூச்சி சொன்ன எல்லாம் செய்து கலிபரேஷனும் மறுபடி ஓட்டினேன். சப் லெவல் மைனஸ் 5.

குண்டு இப்போது குண்டாக வெடிக்கிறது. ஆனால் ஒரு புதுத் தொல்லை: பலத்த பேஸ் வந்தால் எங்கோ 'சிர்ர்' என்று ஏதோ அதிர்கிறது. சப் கிழிந்துவிட்டதோ?

அலைநீளம்

சப்பாக இருக்காது. இதுவரை வராத 30-களின் பேஸ் வர ஆரம்பித்ததும் வீட்டில் தளர்ந்து கிடப்பதெல்லாம் பேச ஆரம்பிக்கும். 20 முதல் 120 வரை மெதுவாக ஏறுகிற டோன் ஒன்றை மிதமான வால்யூமில் ஓட விடுங்கள். அதிர்கிற இடம் வந்ததும் நிறுத்தி, அந்த ஒரு ஹெர்ட்ஸை மட்டும் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வாருங்கள். அலமாரிக் கண்ணாடி, படச்சட்டம், ஜன்னல் கொக்கி, மின்விளக்கின் மூடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் அழுத்துங்கள்.

ஞாயிறுகாட்சி

42 ஹெர்ட்ஸ். ஷோகேஸின் நகரும் கண்ணாடிக் கதவு. இரண்டு கண்ணாடியும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில், விளிம்பில், விரலை வைத்ததும் நின்றது. ஃபெல்ட் துண்டு ஒன்றைச் செருகிவிட்டேன். அப்புறம் 57-இல் சுவர்க் கடிகாரம்.

வசனம் மட்டும் இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

அலைநீளம்

சென்டரை டிவி ஸ்டாண்ட் தட்டுக்குள் எவ்வளவு உள்ளே வைத்திருக்கிறீர்கள்?

ஞாயிறுகாட்சி

பின்பலகையில் ஒட்டி. முன்னால் ஒரு சாண் இடம் இருக்கும். ரிமோட் வைக்கிற இடம் அது.

அலைநீளம்

ரிமோட்டுக்கு வேறு இடம் பாருங்கள். சென்டரை வெளியே இழுத்து, அதன் முகம் தட்டின் விளிம்பைத் தொடும்படி, அல்லது ஒரு விரல் வெளியே நீட்டியபடி வையுங்கள். உள்ளே இருந்தால் குரல் முதலில் தட்டின் மேலும் கீழும் பட்டுவிட்டுத்தான் வெளியே வரும். அந்தப் பொந்தே ஒரு பெட்டியாகி 100, 200 பக்கத்தை ஊதிவிடும். ஆண் குரலின் அடிச்சுருதி 85 முதல் 180 வரை இருக்கிறது, அந்த இடம் ஊதினால் எல்லாக் கதாநாயகனும் ஜலதோஷத்தோடு பேசுவான்.

அடுத்து, சென்டர் உங்கள் முழங்கால் உயரத்தில் இருக்கிறது, முழங்காலைப் பார்த்துப் பேசுகிறது. முன்பக்கம் அடியில் இரண்டு ரப்பர் குமிழ் வைத்து முகத்தைக் காதை நோக்கித் தூக்குங்கள். கீச்சொலியைத் தருகிற ட்வீட்டரின் ஒலி திசை பார்த்துப் போகும், பேஸ் மாதிரி எல்லாப் பக்கமும் பரவாது. சென்டர் சின்னதாக இருந்தால் கிராஸ்ஓவரை 100 ஆக்கிப் பாருங்கள். இத்தனைக்கும் பிறகு போதவில்லை என்றால் மட்டும் சென்டர் லெவலில் 1 அல்லது 2 டெசிபல் கூட்டுங்கள். பலர் முதல் வேலையாக அதைத்தான் செய்கிறார்கள்.

முன் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி?

ஞாயிறுகாட்சி

2.4 மீட்டர். சுவரிலிருந்து 40 செ.மீ. முன்னால்.

அலைநீளம்

சோபா பின்னால் போனபின் ஒரு பக்கம் 22 டிகிரி சொச்சம் வரும். இசைக்கு 30 என்பது ஐடியூ (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரை. உங்கள் அகலத்தில் 30 வேண்டுமென்றால் ஸ்பீக்கர் பக்கச்சுவரில் ஏறிவிடும், வேண்டாம். படத்துக்கு 22 போதும். இரண்டையும் லேசாக உள்பக்கம் திருப்பி உங்கள் தோளைப் பார்க்க வையுங்கள்.

சரவுண்டை மட்டும் பின்சுவர் மூலையிலிருந்து எடுங்கள். 5.1-இல் அதன் இடம் பக்கவாட்டில், 100 முதல் 120 டிகிரிக்குள். அதாவது காதுக்கு நேரே பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி. உயரம் காதுக்கு ஓரளவு மேலே இருக்கலாம். பின்சுவர் இடம் 7.1 போடுகிறவர்களின் கூடுதல் ஜோடிக்கு.

செப்புக்கம்பி

சரவுண்டை நகர்த்தும்போது வயர் நீளும், ஒரு வார்த்தை. 16 கேஜ் செம்பு வயர் வீட்டறைக்குத் தாராளம். நீளம் 15 மீட்டரைத் தாண்டினாலோ, ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்தாலோ அதைவிடத் தடித்த 14 எடுங்கள். செம்பு பூசிய அலுமினிய வயருக்கு மின்தடை அதிகம், அதை வாங்கினால் ஒரு சைஸ் தடிமனாக வாங்குங்கள். தங்கமுலாம், ஆக்ஸிஜன் இல்லாத செம்பு, திசை பார்த்து ஓடும் அம்புக்குறி இதெல்லாம் மனத் திருப்திக்கு.

சிவப்பு சிவப்போடு, கருப்பு கருப்போடு. ஒரு ஸ்பீக்கரில் மாறிப்போனாலும் நடுக்குரல் கரைந்து பேஸ் இளைத்துவிடும். சந்தேகம் இருந்தால் வயரின் மறுமுனையை ரிசீவரிலிருந்து கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு கணம் தொடுங்கள். பிளஸ் சிவப்பில் பட்டால் வூஃபர் கூம்பு வெளியே வர வேண்டும்.

ஞாயிறுகாட்சி

சென்டரை வெளியே இழுத்தது ஒன்றே போதும் போலிருக்கிறது. சப்டைட்டிலை அணைத்துவிட்டோம்.

மனைவி தரப்பு: "முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் என் பக்கம்தான் அதிகம்."

அலைநீளம்

அது 47. அகலவாக்கில் வருவது. ஒரு சப் பக்கச்சுவரில் இருக்கிறவரை அது இருக்கத்தான் செய்யும். சப்பை முன்சுவரின் நடுவில் வைத்தால் 47 கிளம்பாது. அங்கே டிவி ஸ்டாண்ட் இருக்கிறது, 68-ம் திரும்பி வரும்.

இரண்டாவது வழி, அதே மாதிரி இன்னொரு சப். வலது பக்கச்சுவரில், நேர் எதிரே, அதே 1.25-இல். ஒன்று 47-ஐ ஒரு பக்கம் தள்ள, மற்றது எதிர்ப்பக்கம் தள்ள, அலை கிளம்பவே கிளம்பாது. சோபாவின் நடுவிலும் ஓரத்திலும் பேஸ் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார், எத்தனை சப் போதும் என்று. செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே பல இருக்கைகளுக்குள் வித்தியாசம் நன்றாகக் குறைகிறது, நான்குக்கு மேல் போவதில் பெரிய லாபம் இல்லை என்பது அதன் சாரம்.

பெரியகூம்பு

இரண்டு 8 இஞ்ச் வாங்கி வைத்துக்கொண்டு 'சமமாக இருக்கிறது' என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சமமாகத்தான் இருக்கும், 25 ஹெர்ட்ஸில் இரண்டுமே சமமாக ஒன்றும் செய்யாது. ஆழத்துக்குக் காற்றைத் தள்ள வேண்டும், அதற்குக் கூம்பு பெரிதாக வேண்டும். ஒரு நல்ல 15, ஒரு இருக்கை, கொஞ்சம் ஈக்வலைசர். நான் தனியாள், எனக்கு இதுதான் சரி.

அலைநீளம்

தனியாளுக்கு நீங்கள் சொல்வது சரிதான், மறுக்கமாட்டேன். ஒரே இருக்கைக்கு ஈக்வலைசரால் நேர்படுத்துவது எளிது. மூன்று பேர் உட்காருகிற சோபாவில் ஒருவருக்கு நேர்படுத்தினால் இன்னொருவருக்குக் கோணும்.

ஞாயிறுகாட்சி அவர்களுக்கு: இருக்கிற 10-க்கு ஜோடியாக அதே மாடல் இன்னொன்று. ஒன்று மூடிய பெட்டி, மற்றது துளையுள்ள பெட்டி என்று கலக்காதீர்கள். துளைப் பெட்டி தன் எல்லைக்குக் கீழே செங்குத்தாக விழும், அங்கே ஃபேஸும் மாறிப்போகும், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். அவசரமில்லை, முதலில் இதில் கொஞ்ச நாள் படம் பாருங்கள்.

கீழ்வீட்டுக்காரன்

நான் மறுதரப்பு. மேல்வீட்டில் ஒருவர் உங்களைப் போலவே ரசிகர். வசனம் ஒன்றும் கேட்காது, வெடிமட்டும் எங்கள் கட்டிலில் வெடிக்கும். சப்புக்கு அடியில் ஃபோம் திண்டு வைத்தால் நிற்கும் என்கிறார், நிற்கவில்லை. வழி உண்டா?

அலைநீளம்

திண்டு பெட்டியின் கால் வழியாகத் தரைக்குப் போகிற அதிர்வைக் குறைக்கும். கீழே வருவதில் பெரும்பங்கு காற்று வழியாகத் தரையையும் சுவரையும் ஆட்டி வருவது, அதைத் திண்டு தடுக்காது. சுவரில் ஒட்டுகிற 5 செ.மீ. ஃபோமும் தடுக்காது. 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் எட்டரை மீட்டர், அதற்கு அந்த ஃபோம் இருப்பதே தெரியாது.

குறைப்பதுதான் வழி. ஆனால் குறைத்தால் ரசிகருக்கு பேஸ் மொத்தமாகக் காணாமல் போகும், அதனால் மறுபடி கூட்டுவார். காதின் குணம் அப்படி. சத்தம் குறையக் குறைய பேஸ்தான் முதலில் மங்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். நிறைய ரிசீவர்களில் இரவு நேர மோடு ஒன்று இருக்கும், டைனமிக் ரேஞ்சைச் சுருக்கிவிடும்: வெடி தணியும், வசனம் எழும்பும். அதைப் போடச் சொல்லுங்கள். சப் லெவலில் 5, 6 டெசிபல் தனியாகக் குறைக்கவும் சொல்லுங்கள். பத்து மணிக்கு மேல் ஹெட்ஃபோன் என்று பேசி முடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

ஞாயிறுகாட்சி

நண்பர் ஒருவரிடம் யூஎஸ்பி மைக் இரவல் வாங்கி, அறையின் ஒலியை அளக்கிற ஆர்ஈடபிள்யூ மென்பொருளை இறக்கி அளந்தேன். இலவசமாகவே கிடைக்கிறது. 34-ம் 68-ம் இப்போது ஏறக்குறைய ஒரே உயரத்தில். ஆனால் 80 பக்கத்தில் ஒரு பள்ளம். சப்பை மட்டும் அளந்தால் அங்கே பள்ளம் இல்லை, முன் ஸ்பீக்கரை மட்டும் அளந்தாலும் இல்லை. இரண்டும் சேர்ந்தால் பள்ளம். இதுவும் அறையா?

மெனுப்பூச்சி

இல்லை, இது என் இலாகா. தனித்தனியாக நன்றாக இருந்து சேர்ந்தால் பள்ளம் விழுகிறது என்றால் கிராஸ்ஓவர் இடத்தில் சப்பும் ஸ்பீக்கரும் எதிர் ஃபேஸில் இருக்கின்றன. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது.

சப்பின் ஃபேஸ் சுவிட்சை 180-க்குப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள். பள்ளம் அப்படியே நிரம்பினால் அதோடு விட்டுவிடலாம். பாதி நிரம்பினால் மெனுவில் சப் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், ஒரு தடவைக்கு 30 செ.மீ. கூட்டியும் குறைத்தும் பாருங்கள். 80 ஹெர்ட்ஸில் ஒரு முழு அலை 4.3 மீட்டர், அதனால் இந்தப் பக்கம் 2 மீட்டர், அந்தப் பக்கம் 2 மீட்டருக்குள் விடை கிடைத்துவிடும். முன்னே சப் தூரத்தைத் தொடாதீர்கள் என்றேன், இப்போது தொடச் சொல்கிறேன். வித்தியாசம் என்னவென்றால் இப்போது கையில் அளவு இருக்கிறது, டேப் இல்லை.

மைக் இல்லாதவர்கள் 80 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, ஒருவர் மெனுவை மாற்ற, இன்னொருவர் சோபாவில் அசையாமல் உட்கார்ந்து எந்த எண்ணில் சத்தம் அதிகம் என்று சொன்னால் போதும்.

ஞாயிறுகாட்சி

180 போட்டதும் பாதி நிரம்பியது. தூரத்தை 5.8-லிருந்து 5.2 ஆக்கியதும் மீதியும் போய்விட்டது. டிரம்மில் உதைக்கிற அந்த அடி இப்போது டிவிக்குப் பக்கத்திலிருந்து வருகிறது, சப்பிலிருந்து வருவதாகவே தெரியவில்லை.

இரண்டாவது சப் விஷயம் மனைவி காதில் விழுந்துவிட்டது. "என் பக்கம் சரியாகும் என்றால் வாங்கு" என்றாள். இதே மாடல் இப்போது வருவதில்லையாம். அதற்கு அடுத்த மாடல் வைத்தால் ஒத்துப்போகுமா? அதுவும் துளைப் பெட்டிதான், 10 இஞ்சுதான்.

அலைநீளம்

ஒத்துப்போகும். இரண்டையும் முதலில் ஒரே இடத்தில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தனித்தனியாக அளந்து, லெவலை ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எதிரெதிர்ச் சுவருக்குக் கொண்டுபோங்கள். ரிசீவருக்கு ஒரே ஒரு சப் வெளியீடுதான் என்றால் ஒன்றை இரண்டாகப் பிரிக்கிற ஒய் கேபிள் போதும். நடு இருக்கைக்கு சப் இரண்டும் ஏறக்குறைய சம தூரம் என்பதால் தனித் தூரக் கணக்கு பெரிதாகத் தேவைப்படாது. முடித்ததும் வரைபடத்தை இங்கே போடுங்கள், நடு இருக்கை ஒன்று, ஓர இருக்கை ஒன்று.